ஆய்வுகூடத்திற்கு வெளியே உயிர்மருத்துவ விஞ்ஞானி

உயிர்மருத்துவ விஞ்ஞானத்தில் உயர்பட்டம் பெற்ற ஒருவர் ஆய்வுகூடத்தை விட்டு வேறு பணிக்குச் செல்வாராயின், அவரை விஞ்ஞானத்தைக் கைவிட்டவராகவே கல்வியுலகம் பெரும்பாலும் நோக்கிவந்துள்ளது. பேராசிரியர் பதவி வெற்றியின் அடையாளமாகவும், ஏனைய தொழில்கள் அதனை எட்ட இயலாதோரின் புகலிடமாகவும் கொள்ளப்படுகின்றன. இக்கருத்து உண்மை நிலைமைக்குப் பொருந்துவதன்று. சமுதாயத்துக்கு நன்மை பயப்பதுமன்று. இவ்விரண்டையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் நிலைமையை நோக்குவோம். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தேசிய சுகாதார நிறுவகங்கள் 2012ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையின்படி, உயிர்மருத்துவத் துறையிற் கலாநிதிப் பட்டம் பெற்றோருள், பல்கலைக்கழகத்தின் நிரந்தரப் பதவிகளையோ அவற்றுக்கு இட்டுச்செல்லும் பதவிகளையோ அடைந்தோரின் பங்கு 1993இல் ஏறத்தாழ 34 வீதமாக இருந்து, பின்னர் 26 வீதமாகக் குறைந்தது. காரணம் எளிது. ஆய்வு மானியங்களால் நடைபெறும் ஆய்வுகூடங்கள் மாணவரின் உழைப்பையே பெரிதும் நம்பியுள்ளன. ஒரு பேராசிரியர் தமது பணிக்காலத்திற் பல கலாநிதிகளை உருவாக்குகிறார். அவர் விட்டுச்செல்லும் இடமோ ஒன்றேயாம். பெரும்பான்மையோர் செல்லும் பாதையை 'மாற்றுப் பாதை' என அழைப்பது எவ்வாறு பொருந்தும்?

எனினும், இடமின்மையை மாத்திரம் எடுத்துக்காட்டினால் அது ஆறுதல் வார்த்தையாகவே முடியும். ஆய்வுகூடத்திற் பெற்ற பயிற்சி வெளியே எவ்வாறு தொழிற்படுகின்றது என்பதே முக்கியமான வினா. இதற்கு இருவரின் வரலாறு விடை தருகின்றது. இருவரும் மருத்துவப் பட்டமும் பெற்றவர்களே. ஆயினும் இங்கு நாம் காணவிருக்கும் பணியில் அவர்களுக்குக் கைகொடுத்தது மருந்தியல் ஆய்விற் பெற்ற பயிற்சியாகும்.

பிரான்சிஸ் கெல்சி 1938இல் சிக்காகோப் பல்கலைக்கழகத்தில் மருந்தியலிற் கலாநிதிப் பட்டம் பெற்றார். அதற்கு முந்திய ஆண்டில், நச்சுத்தன்மையுள்ள கரைப்பானொன்றிற் கரைத்து விற்கப்பட்ட சல்பனிலமைட் மருந்து நூற்றுக்கு மேற்பட்டோரின் உயிரைக் குடித்தது. அதுபற்றிய ஆய்வில் அவரும் பங்குகொண்டார். பின்னர் மலேரியா மருந்துகளை ஆராய்ந்தபோது, கருவுற்ற விலங்கின் உடலும் கருவும் மருந்தொன்றை வேறுவிதமாகக் கையாளலாம் என்பதை அறிந்துகொண்டார். 1960இல் அவர் உணவு மருந்து நிருவாகத்திற் சேர்ந்தார். விரைவிலேயே தலிடோமைட் மருந்தை விற்பதற்கான விண்ணப்பம் அவரது மேசைக்கு வந்தது. அக்காலச் சட்டப்படி, 60 நாட்களுக்குள் மறுப்புத் தெரிவிக்கப்படாவிடின் அனுமதி தானாகவே கிடைத்துவிடும். கெல்சியோ சான்றுகள் போதாவென மீண்டும் மீண்டும் திருப்பியனுப்பினார். நரம்புப் பாதிப்புப்பற்றிப் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் வெளிவந்த ஒரு சிறு கடிதம் அவரது ஐயத்தை வலுப்படுத்தியது. அம்மருந்து கருவிலுள்ள குழந்தையை என்செய்யும் என்று அவர் கேட்ட கேள்விக்குக் கம்பனியிடம் விடை இருக்கவில்லை. 1961 நவம்பரில் மேற்கு ஜேர்மனியில் மருந்து மீளப்பெறப்பட்டது. உலகெங்கும் பல்லாயிரம் குழந்தைகள் அங்கக் குறைபாடுகளுடன் பிறந்திருந்தனர். அமெரிக்காவில் அவ்வெண்ணிக்கை மிகச் சிறியது. அங்கே குழந்தைகளைக் காத்தது புதிய கண்டுபிடிப்பன்று. சான்றினை எடைபோடத் தெரிந்த ஒருவரின் உறுதியேயாம்.

நமது நாட்டுக்கு வருவோம். இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது மருந்தியற் பேராசிரியரான சேனக பிபிலே, டாக்டர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவுடன் இணைந்து 1971இல் மருந்துக் கொள்கைபற்றிய அறிக்கையொன்றைத் தயாரித்தார். அதன் பயனாக அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் உருவாயிற்று. பிபிலேயே அதன் முதலாவது தலைவரானார். ஒரே மருந்து பல வியாபாரப் பெயர்களில் பல விலைகளுக்கு விற்கப்படுவதை மருந்தியல் அறிந்தவர் உடனே கண்டுகொள்வார். இரண்டாயிரத்துக்கு மேற்பட்டிருந்த இறக்குமதிப் பட்டியல் ஏறத்தாழ 600 ஆகச் சுருக்கப்பட்டது. உலகளாவிய கேள்விப்பத்திர முறையில் மொத்தமாகக் கொள்வனவு செய்தமையாற் பல மருந்துகளின் விலை வீழ்ச்சியுற்றது. 1977இல் பிபிலே மறைந்தார்; அதன்பின் தனியார் இறக்குமதிக்கு மீண்டும் வழி திறந்துவிடப்பட்டது. ஆனால், அதே 1977இல் உலக சுகாதார ஸ்தாபனம் வெளியிட்ட முதலாவது அத்தியாவசிய மருந்துப் பட்டியலும் அவர் வற்புறுத்திய கொள்கையையே அடிப்படையாகக் கொண்டிருந்தது. எந்த மருந்து தேவை, எது தேவையற்றது என்ற தீர்ப்பு விஞ்ஞானத் தீர்ப்பாகும். அதனை நடைமுறைப்படுத்துவதோ அரசியற் பணியாகும்.

இன்று இத்தகைய பணிகள் பெருகியுள்ளன. மருந்துகளை மதிப்பிட்டு அனுமதித்தல், விற்பனைக்கு வந்தபின் அவற்றின் தீயவிளைவுகளைக் கண்காணித்தல், நோயாளர்மீதான பரிசோதனைகளைத் திட்டமிட்டு அவர்களது சம்மதமும் தரவுகளும் முறையாகப் பெறப்பட்டனவா எனச் சோதித்தல், சுகாதாரக் கொள்கை வகுத்தல் ஆகியன அவற்றுட் சில. ஆக்கவுரிமைச் சட்டத்தின் இடத்தைச் சற்று விரிவாகக் கூறவேண்டும். 2013இல் இந்திய உச்ச நீதிமன்றம் இரத்தப் புற்றுநோய் மருந்தான இமாற்றினிப்பின் ஒரு பளிங்கு வடிவத்துக்கு ஆக்கவுரிமை வழங்க மறுத்தது. அவ்வடிவம் பழைய மருந்தைவிட நோய் தீர்க்கும் ஆற்றலில் மேம்பட்டதா என்பதே வழக்கின் மையம். வழக்கறிஞருக்கு அருகே மருந்தியல் அறிந்தவர் இல்லாவிடின் இவ்வினாவை எழுப்புவதும் அரிதே.

எழுத்தும் பதிப்பும் இன்னொரு துறை. ஆங்கிலத்திலுள்ள ஆய்வு முடிவுகளைத் தமிழ் மக்கள் விளங்கிக்கொள்ளும் வகையில் எழுதுவோர் மிகச் சிலரே. கலைச்சொற்களை ஆக்கியவர்களின் உழைப்பை முன்னெடுத்துச் செல்ல விஞ்ஞானப் பட்டதாரிகள் தேவை.

ஆனால் ஒன்றை மறந்துவிடலாகாது. ஆய்வுகூடத்திற்கு வெளியேயுள்ள பதவிகளிற் பல மருந்துக் கம்பனிகளிலேயே உள்ளன. அங்கே நேர்மையான பணியும் உண்டு, விற்பனைக்கு விஞ்ஞானப் போர்வை போர்த்தும் பணியும் உண்டு. தலிடோமைட்டுக்காக வாதாடியோரும் விஞ்ஞானம் கற்றவர்களே. ஆதலாற் பட்டதாரி கேட்கவேண்டிய கேள்வி, 'ஆய்வுகூடத்தின் உள்ளேயா வெளியேயா?' என்பதன்று, 'என் அறிவு யாருடைய சேவைக்கு?' என்பதே.

பல்கலைக்கழகங்களுக்கும் இதிற் பொறுப்புண்டு. புள்ளிவிபரவியல், சட்டம், பொருளாதாரம், இருமொழியிலும் தெளிவாக எழுதுதல் ஆகியவை உயிர்மருத்துவப் பாடத்திட்டத்தில் இடம்பெறுதல் வேண்டும். 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையைத் தோற்றுவித்தது. சட்டம் எழுத்தில் மட்டும் இருந்தாற் போதாது. 2023இல் வெளிப்பட்ட தரங்குறைந்த இம்யூனோகுளோபியூலின் விவகாரம் இதனை நன்குணர்த்தியது. மருந்துப் போத்தலொன்று நோயாளியின் கையை அடையுமுன் அதனை ஐயுற்று நோக்கும் கண்கள் தேவை. அக்கண்களைப் பயிற்றுவிக்கும் இடம் ஆய்வுகூடம். அவை விழித்திருக்கவேண்டிய இடமோ பெரும்பாலும் அதற்கு வெளியேயே உள்ளது.