புதிய குரூசர் மோட்டார் சைக்கிளை மாற்றியமைத்தல்

குரூசர் என்பது தாழ்ந்த இருக்கையும், ஓட்டுபவரை நோக்கி வளைந்த ஹேண்டில்பாரும், முன்னால் தள்ளி அமைந்த கால்தாங்கிகளும் கொண்ட மோட்டார் சைக்கிள் வகை. அமெரிக்காவின் ஹார்லி-டேவிட்சன் வண்டிகளின் சாயலில் உருவானது. சென்னையில் தயாராகி 2020 நவம்பரில் வெளிவந்த ராயல் என்ஃபீல்டு மீட்டியார் 350 இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதன் இருக்கை உயரம் 765 மி.மீ.

புதிதாக வாங்குவோர் பலர் முதலில் கைவைப்பது சைலன்சரில். தொடாமல் விட வேண்டியதும் அதுதான். 2020 ஏப்ரல் முதல் நடப்பிலுள்ள பி.எஸ்.6 விதிக்கேற்ற வண்டிகளில், புகையின் நச்சைக் குறைக்கும் வினையூக்கி மாற்றி புகைக்குழாய்த் தொகுதியிலேயே உள்ளது. அங்குள்ள ஆக்சிஜன் உணரி தரும் தகவலைக் கொண்டே எஞ்சினுக்கான பெட்ரோல் அளவு சரிசெய்யப்படுகிறது. குழாயை மாற்றினால் இக்கணக்கு பிறழலாம். சத்தம் கூடியதை வேகம் கூடியதாக நினைப்போர் உண்டு. காது ஏமாறுகிறது, அவ்வளவே.

சட்டமும் இதில் கண்டிப்பானது. மோட்டார் வாகனச் சட்டம், 1988இன் 52ஆம் பிரிவுப்படி, உற்பத்தியாளர் குறித்த விவரங்களுக்கு முரணாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தின்படி, அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, 6 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். வண்டியின் நிறமும் ஆர்.சி.யில் பதிவாகும் விவரமே; மாற்றினால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பதிய வேண்டும்.

பயனுள்ள மாற்றங்கள் உடல் தொடும் இடங்களில் தொடங்குகின்றன. குரூசரில் கால் முன்னால் நீண்டிருப்பதால், பள்ளத்தில் இறங்கும்போது கால்தாங்கியில் ஊன்றி எழுவது கடினம். அதிர்ச்சி நேரே இடுப்பெலும்புக்குப் போகிறது. எனவே நல்ல நுரையுள்ள இருக்கைக்குச் செலவிடுவது வீணாகாது. பின்னால் அமர்பவருக்குச் சாய்மானம் வேண்டும். மீட்டியாரின் சூப்பர்நோவா வகையில் இதுவும் முன்கண்ணாடியும் தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்டு வந்தன.

ஹேண்டில்பாரை உயர்த்தினால் கிளட்ச், ஆக்சிலரேட்டர் கேபிள்களும் பிரேக் குழாயும் இழுபடும். வண்டியை நியூட்ரலில் ஓடவிட்டு, ஹேண்டிலை இருபுறமும் முழுதாகத் திருப்பிப் பார்க்க வேண்டும். அப்போது எஞ்சின் தானாக உறுமினால் கேபிள் நீளம் போதவில்லை என்று பொருள். அந்த நிலையில் தெருமுனையில் திரும்புவது ஆபத்து.

கூடுதல் விளக்குக்காக ஒயரை வெட்டி ஒட்டினால் வாரண்டி மறுக்கப்படலாம். தனி பியூஸும் ரிலேயும் வைத்து இணைப்பதே முறை. பக்கவாட்டுப் பைகளுக்கு இரும்புத் தாங்கி தேவை. இல்லையேல் பை சக்கரத்தில் உரசும், சைலன்சர் சூட்டில் கருகும்.