ஓடியே வேலைக்குப் போன மனிதர்

மருத்துவமனையில் பகலெல்லாம் நோயாளிகளுக்குப் பணிவிடை செய்துவிட்டு, மாலையில் மைதானத்துக்குப் போகிறவர்களை நம் வாசகர்கள் அறிவார்கள். நம் சங்கக் குடும்பங்களிலேயே அத்தகையோர் உண்டு. நர்ஸாகவோ, சிகிச்சை உதவியாளராகவோ வேலை. ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட்டோ, கைப்பந்தோ, ஓட்டமோ. அவர்கள் பெயர் பத்திரிகையில் வருவதில்லை. அவர்களுடைய இனத்தைச் சேர்ந்தவர், ஆனால் உலகம் பின்னர் அறிந்து மரியாதை செய்த ஒருவரைப் பற்றி இம்மாதம் எழுதலாம் என்று எண்ணினோம். அவர் அமெரிக்காவைச் சேர்ந்த டெட் கார்பிட்.

1919ஆம் ஆண்டு ஜனவரி 31ஆம் தேதி, தென் கரோலினா மாகாணத்தில் டன்பார்ட்டன் என்னும் சிற்றூரில், பருத்தி விளைவித்த குடும்பத்தில் அவர் பிறந்தார். அவருடைய பாட்டனார் காலத்தில் அந்தக் குடும்பம் அடிமைத்தளையில் இருந்தது. பிழைப்பை முன்னிட்டு வடக்கே சின்சினாட்டி நகரத்துக்குக் குடும்பம் பெயர்ந்தது. தெற்கிலிருந்து லட்சக்கணக்கான கறுப்பினக் குடும்பங்கள் மூட்டை முடிச்சுகளோடு வடக்கே போன காலம் அது. பிறகு 1950களின் தொடக்கத்தில் அணு ஆயுதத்துக்கான பொருள்களைத் தயாரிக்கும் தொழிற்சாலை ஒன்றிற்காக அரசாங்கம் டன்பார்ட்டனையும் பக்கத்து ஊர்களையும் காலி செய்தது. ஊரை விட்டு வந்த நமக்குத் திரும்பிப் போக ஊர் என்று ஒன்று இருக்கிறது. கார்பிட்டுக்கு அதுவும் இல்லாமற் போயிற்று.

பள்ளியிலும், சின்சினாட்டி சர்வகலாசாலையிலும் அவர் ஓட்டப் பந்தயங்களில் கலந்துகொண்டார். ஆனால் கறுப்பர் ஒருவரோடு சேர்ந்து ஓட மாட்டோம் என்று வெள்ளையர் மறுத்ததால் சில போட்டிகளில் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. இதைப் பற்றி அவர் உரத்துக் குறைகூறியதாகத் தெரியவில்லை. இயல்பிலேயே அவர் அதிகம் பேசாதவர். நண்பர்கள் அவரைப் பற்றிச் சொல்லும்போதெல்லாம் முதலில் சொல்வது அந்த மௌனத்தைத்தான்.

யுத்த காலத்தில் ராணுவத்தில் பணிபுரிந்துவிட்டு, நியூயார்க் வந்து, அங்குள்ள சர்வகலாசாலையில் உடலியக்க சிகிச்சை, அதாவது பிசியோதெரபி பயின்றார். அங்கவீனர்களுக்கென 1917இல் செஞ்சிலுவைச் சங்கத்தாரால் தொடங்கப்பட்ட நிலையத்தில் வேலைக்கு அமர்ந்து, நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அங்கேயே இருந்தார். கை கால் முடங்கியவர்களையும், பக்கவாதத்தால் படுத்தவர்களையும், விபத்தில் உறுப்பிழந்தவர்களையும் மறுபடி எழுந்து நடக்கச் செய்வதே அவர் உத்தியோகம். இந்த வேலையின் தன்மையைக் கண்டவர்களுக்கே தெரியும். ஒரு விரலை மடக்குவதற்கு ஒரு மாதம் ஆகும். இன்று இரண்டடி நடந்தவர் நாளை ஒன்றரை அடிதான் நடப்பார். மனநோய் விடுதிகளில் பணிபுரியும் நர்ஸ்களைப் போலவே இவர்களுக்கும் முதல் மூலதனம் பொறுமை. மருந்தெல்லாம் அதற்கு அப்புறந்தான். நாற்பது மைல் ஓட்டத்தில் முப்பதாவது மைலைக் கடப்பதற்கும் அதே குணந்தான் வேண்டும் என்பது நம் எண்ணம். அவர் ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கற்றாரா, இரண்டும் அவருக்குப் பிறவியிலேயே அமைந்தனவா என்பதை யார் சொல்ல முடியும்?

அந்நாளில் பெரிய விளையாட்டுக் கழகங்கள் சில, கறுப்பரையும் யூதரையும் உறுப்பினராகச் சேர்ப்பதில்லை. ஹார்லெம் பகுதியில் 1936இல் தோன்றிய நியூயார்க் பயனியர் கிளப் மட்டும் நிறம் பாராமல் எவரையும் ஏற்றது. கார்பிட் அதில் சேர்ந்தார். 1951இல் பாஸ்டன் மாரத்தானில் முதன்முறையாக முழுத் தூரமும் ஓடிப் பதினைந்தாவதாக வந்தார். அடுத்த ஆண்டே ஹெல்சிங்கி ஒலிம்பிக் மாரத்தானில் அமெரிக்காவின் சார்பில் ஓடினார். அந்தப் போட்டியில் அமெரிக்காவுக்காக ஓடிய முதல் கறுப்பினத்தவர் அவரே. செக்கோஸ்லோவாகியாவின் எமில் ஸாட்டோபெக் வென்ற அந்தப் பந்தயத்தில் கார்பிட்டுக்குக் கிடைத்தது நாற்பத்து நான்காம் இடம். அதே பந்தயத்தில் தில்லியைச் சேர்ந்த சூரத் சிங் மாத்தூர் ஐம்பத்திரண்டாவதாக வந்தார் என்பதையும் இங்கே நினைவுகூர்வோம். 1954இல் அமெரிக்க தேசிய மாரத்தான் பட்டத்தைக் கார்பிட் வென்றார். அமெச்சூர் விளையாட்டு ஆதலால் பரிசுப் பணம் ஏதும் இல்லை. திங்கட்கிழமை காலையில் வழக்கம்போல் நோயாளிகள் காத்திருந்தார்கள்.

பயிற்சிக்குத் தனி நேரம் ஏது? ஆகவே வேலைக்குப் போவதையே பயிற்சியாக்கிக்கொண்டார். நேர் வழியை விட்டுச் சுற்று வழியாக, சில நாள் இருபது மைல் வரை ஓடி மருத்துவ நிலையத்தை அடைவார். விடுமுறை நாளில் மன்ஹாட்டன் தீவை முழுக்கச் சுற்றி வருவார். அது முப்பது மைலுக்கு மேல். சில வேளை இரண்டு சுற்று! வாரத்துக்கு இருநூறு மைல் ஓடிய காலமும் உண்டு. வீதியில் வளர்ந்த மனிதர் ஒருவர் ஓடுவதே அந்நாளில் விசித்திரக் காட்சி. அதிலும் கறுப்பர் ஓடினால் கேட்கவேண்டுமா? போலீஸார் அவரைப் பலமுறை நிறுத்தி விசாரித்தார்கள். நின்று பதில் சொல்லிவிட்டு மறுபடி ஓடினார்.

1958இல் நியூயார்க் வீதி ஓட்டக்காரர் சங்கம் ஏற்பட்டபோது முதல் தலைவர் அவர்தாம். ஆனால் எல்லாவற்றிலும் பெரிதாக நாம் மதிப்பது அவர் செய்த ஓர் எளிய, சலிப்பூட்டும் வேலையை. மாரத்தானின் தூரம் 42.195 கிலோமீட்டர் என்று விதி சொல்கிறது. நடைமுறையில் அக்காலத்துப் பந்தயப் பாதைகள் ஒன்றில் குறைந்தும் ஒன்றில் கூடியும் இருந்தன. மோட்டார் காரின் மீட்டரைப் பார்த்து அளந்தால் அப்படித்தான் ஆகும். இப்படிப்பட்ட பாதையில் ஒருவர் சாதனை படைத்தார் என்றால் அதை எப்படி நம்புவது? இங்கிலாந்தில் ஜான் ஜூவெல் என்பவர் சைக்கிளைக் கொண்டு அளக்கும் முறையை ஆராய்ந்திருந்தார். கார்பிட் அதை மேலும் பரிசீலித்து, 1964இல் வீதிப் பாதைகளை அளப்பது பற்றி ஒரு நூல் வெளியிட்டார்.

முறை இதுதான். முதலில் எஃகு நாடாவால் பிசகின்றி அளந்த நேர்த்தூரம் ஒன்றில் சைக்கிளைப் பலமுறை ஓட்டி, அத்தூரத்துக்குச் சக்கரம் எத்தனை சுற்றுச் சுற்றுகிறது என்று எண்ணிக்கொள்வது. பிறகு பந்தயப் பாதை முழுதும், ஓட்டக்காரர் செல்லக்கூடிய மிகக் குறுகிய வழியை ஒட்டியே சைக்கிளை மிதித்துச் சுற்றுகளை எண்ணுவது. வெயில் ஏறினால் டயரில் காற்று விரிந்து கணக்கு மாறும். ஆகையால் அளந்து முடித்த பின்னும் அந்த நேர்த்தூரத்தில் மறுபடி ஓட்டிச் சரிபார்க்க வேண்டும். பாதை குறைந்துவிடக் கூடாதே என்று பிற்காலத்தில் கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் வீதம் கூடுதலாகச் சேர்க்கும் வழக்கமும் வந்தது. இன்று உலகில் எங்கு வீதி ஓட்டச் சாதனை ஏற்கப்பட வேண்டுமானாலும் பாதையை இப்படித்தான் அளந்திருக்க வேண்டும். 2004 முதல் நடந்துவரும் மும்பை மாரத்தானில் ஓடுகிற நம்மவர் காலடியிலும் இந்தச் சைக்கிள் கணக்கு இருக்கிறது. வேலை முடித்த மனிதர், ஊர் உறங்கும் நேரத்தில் சைக்கிளை மிதித்து நூறு கஜம், இருநூறு கஜம் என்று கணக்குப் பார்த்திருப்பதை எண்ணும்போது நமக்கு ஏனோ அவருடைய பட்டங்களைவிட இதுவே பெரிதாகத் தோன்றுகிறது.

1970இல் முதல் நியூயார்க் நகர மாரத்தான் சென்ட்ரல் பூங்காவைச் சுற்றி நடந்தது. புறப்பட்டவர் 127 பேர். முடித்தவர் 55 பேர். அந்தப் பாதையை அளந்தவர் கார்பிட். ஐம்பத்தோரு வயதில் அதில் ஓடியும் முடித்தார். அதற்குள் அவர் மாரத்தானைத் தாண்டி வெகுதூரம் போய்விட்டிருந்தார். லண்டனிலிருந்து பிரைட்டன் வரையிலான ஐம்பது மைலுக்கு மேற்பட்ட ஓட்டத்தில் ஒருமுறைக்கு மேல் இரண்டாவதாக வந்தார். 1969இல் இங்கிலாந்தில் நூறு மைலைப் பதின்மூன்றரை மணி நேரத்தில் ஓடினார். 1973இல், ஐம்பத்து நான்காம் வயதில், இருபத்து நான்கு மணி நேரத்தில் 134 மைல் கடந்தார். வாழ்நாளில் அவர் ஓடிய மாரத்தான்களும் அதற்கு மேற்பட்ட நெடும் பந்தயங்களும் சேர்ந்து 199 என்பர்.

1974இல் ஆஸ்துமா வந்தது. பந்தய ஓட்டம் அத்துடன் முடிந்தது. பிறருடைய முடங்கிய கால்களை நடக்கச் செய்தவருக்குத் தம் மூச்சே தடையாயிற்று. அவர் நடக்கத் தொடங்கினார். 2001இல் நியூயார்க்கில் நடந்த ஆறு நாள் பந்தயம் ஒன்றில் 303 மைல் நடந்தார். அப்போது அவருக்கு வயது எண்பத்திரண்டு. அந்தப் பந்தயத்தை நடத்தியவர்கள் ஸ்ரீ சின்மயின் அன்பர்கள். வங்காளத்தில் பிறந்து, இருபது ஆண்டுகள் புதுச்சேரி ஆசிரமத்தில் வாழ்ந்து, அங்கேயே ஓட்டம் பயின்று, 1964இல் நியூயார்க் சென்றவர் அவர். ஆகவே கார்பிட்டின் கடைசி நடைகளில் நம் கடற்கரைக் காற்றும் சிறிது கலந்திருந்ததென்று நாம் உரிமை கொண்டாடலாம். இரண்டு ஆண்டுகள் கழித்து, எண்பத்து நான்காம் வயதில், ஒரே நாளில் 68 மைல் நடந்தார்.

2007 டிசம்பர் 12ஆம் தேதி, எண்பத்தெட்டாம் வயதில் அவர் காலமானார். அவர் முதல் தலைவராய் இருந்த சங்கம் சென்ட்ரல் பூங்காவில் அவர் பெயரால் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டம் நடத்துகிறது. டிசம்பர் குளிரில் ஆயிரக்கணக்கானோர் ஓடுகிறார்கள். பாதை அளந்து வைத்ததுதான்.