மின்னஞ்சல் வழங்கியை நிறுவனக் கோப்புகளின் சேமிப்பிடமாகப் பயன்படுத்துதல்

ஒரு நிறுவனத்தின் பட்டியல்கள், ஒப்பந்தங்கள், சான்றிதழ்கள், கணக்குத் தாள்கள் முதலியவற்றைத் தனியே ஒழுங்குபடுத்தி வைக்காமல், மின்னஞ்சல் பெட்டியிலேயே விட்டுவைத்து, வேண்டியபோது தேடி எடுக்கும் வழக்கமே மின்னஞ்சல் வழங்கியைச் சேமிப்பிடமாகப் பயன்படுத்துதல் ஆகும். தனிக் கணினித் துறை இல்லாத சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கு இது எளிய வழி.

வழக்கம் தோன்றிய விதம்

நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி வட்டாரங்கள் லாரித் தொழிலுக்கும் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளுக்கும் பெயர் பெற்றவை. வண்டி வேறு மாநிலத்தில் ஓடும். அலுவலகம் இங்கே இருக்கும். ஆர்.சி. புத்தகம், காப்பீடு, எஃப்.சி., பெர்மிட் ஆகியவற்றின் படிகளை எங்கிருந்தும் எடுக்க மின்னஞ்சல் கைகொடுக்கிறது. 2004 ஏப்ரல் 1 அன்று கூகுள் நிறுவனம் 1 கிகாபைட்டு இடத்துடன் ஜிமெயிலை அறிமுகம் செய்தது. அதுவரை சில மெகாபைட்டு இடமே கிடைத்ததால் பழைய மடல்களை அழிக்க வேண்டியிருந்தது. அதன்பின் அழிக்காமல் சேர்த்துவைக்கும் பழக்கம் பரவியது.

தொழில்நுட்பக் காரணங்கள்

மின்னஞ்சல் முதலில் எழுத்துகளை அனுப்பவே உருவானது. 1992இல் வந்த மைம் என்னும் தரம், படங்களையும் ஆவணங்களையும் இணைக்க வழி செய்தது. இதற்காகக் கோப்பு பேஸ்64 முறையில் எழுத்துகளாக மாற்றப்படுகிறது. 3 பைட்டு தரவு 4 எழுத்தாக மாறுவதால் அளவு மூன்றில் ஒரு பங்கு கூடும். 21 மெகாபைட்டுக் கோப்பு, பயணத்தில் 28 மெகாபைட்டு ஆகிவிடும். 25 மெகாபைட்டு வரம்புள்ள வழங்கி, அதைவிடச் சிறிய கோப்பையும் சில நேரம் மறுப்பது இதனால்தான்.

ஒரே விலைப்பட்டியலை ஐந்து பேருக்கு அனுப்பினால் ஐந்து பெட்டிகளிலும் ஐந்து படிகள் இருக்கும். ஒருவர் விலையைத் திருத்தினால் மற்ற நான்கும் பழையனவாகவே நிற்கும். எது இறுதியானது என்பதை மின்னஞ்சல் சொல்லாது.

இடர்கள்

• இலவச கூகுள் கணக்கில் மடல், டிரைவ், படங்கள் மூன்றுக்கும் சேர்த்து 15 கிகாபைட்டு இடமே உண்டு. அது நிரம்பினால் புதிய மடல்கள் வந்து சேரா. வாடிக்கையாளர் அனுப்பிய ஆர்டரும் திரும்பிப் போகும்.
• ஊழியரின் சொந்த முகவரியில் கோப்புகள் இருந்தால், அவர் விலகும்போது அவையும் அவருடனே போய்விடும்.
• கடவுச்சொல் ஒன்று திருடப்பட்டால் பல ஆண்டு ஆவணங்கள் ஒருசேர வெளியாகும்.
• ஜிமெயிலில் குப்பைக்குப் போன மடல் 30 நாளில் நிரந்தரமாக அழியும்.
• பாப் முறையில் மடலைக் கணினிக்கு இறக்கும்போது வழங்கியிலுள்ள படி நீக்கப்படலாம். பிறகு அந்த ஒரு கணினி பழுதானால் எல்லாம் போயிற்று. ஐமேப் முறையில் மடல் வழங்கியிலேயே இருக்கும்.

சட்டக் கடமை

ஜி.எஸ்.டி. பதிவு பெற்றவர், ஆண்டறிக்கை தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் கணக்குப் பதிவேடுகளைப் பாதுகாக்க வேண்டும். மின்னஞ்சல் பெட்டி தொலைந்தது என்பதால் இக்கடமை நீங்காது.

மாற்று வழிகள்

நிறுவனத்தின் பெயரில் ஒரு பொதுச் சேமிப்பிடம் வைத்து, ஆண்டு, வண்டி எண், வாடிக்கையாளர் வாரியாகக் கோப்புறைகள் அமைக்கலாம். மடலில் கோப்புக்குப் பதிலாக அதன் இணைய முகவரியை அனுப்பினால், எல்லாரும் ஒரே படியைக் காண்பர். வண்டி ஆவணங்களுக்கு டிஜிலாக்கர், எம்பரிவாகன் செயலிகள் உள்ளன. அவற்றிலுள்ள மின் ஆவணங்களை மூல ஆவணத்துக்கு இணையாக ஏற்குமாறு 2018இல் மத்திய அரசு மாநிலங்களுக்கு அறிவுறுத்தியது.

முக்கியக் கோப்புகளுக்கு மூன்று படிகள், இருவகைச் சாதனங்கள், ஒரு படி வேறிடத்தில் என்பது பொதுவான விதி. மின்னஞ்சலிலுள்ள படி இவற்றுள் ஒன்றாக இருக்கலாம். அது ஒன்றே படியாக இருக்கக் கூடாது.