அடக்கத்திற்குப் பின் யார் வருவார்?

(வானொலி மறையுரை)



ஒரு வீட்டில் மரணம் நிகழ்ந்தால், ஒரே தொலைபேசி அழைப்பில் ஃபிரீசர் பெட்டி வந்துவிடுகிறது. பந்தல், நாற்காலி, அமரர் ஊர்தி எல்லாம் வாடகைக்குக் கிடைக்கின்றன. வெளிநாட்டில் வேலை செய்யும் மகன் வந்து சேரும்வரை உடலைப் பாதுகாக்க முடிகிறது. வர இயலாதவர்கள் கைப்பேசியிலேயே அடக்கத் திருப்பலியில் இணைகிறார்கள். இவற்றை நாம் குறைகூற வேண்டியதில்லை. தாயின் முகத்தைக் கடைசியாக ஒருமுறை பார்க்க மகனுக்கு வழி கிடைப்பது நல்லதே.

இறந்தோரை அடக்கம் செய்வது உடல் சார்ந்த ஏழு இரக்கச் செயல்களில் ஒன்று. மத்தேயு நற்செய்தி 25ஆம் அதிகாரத்தில் இயேசு சொல்வது ஆறு செயல்கள்தாம். நினிவேயில் தம் உயிருக்கு வந்த ஆபத்தையும் பாராமல் இறந்தோரைப் புதைத்த தோபித்தின் முன்மாதிரியை வைத்து, திருஅவை இதையும் சேர்த்துக்கொண்டது. துயருறுவோருக்கு ஆறுதல் அளிப்பதோ ஆன்மா சார்ந்த ஏழு இரக்கச் செயல்களில் ஒன்று. அடக்கப் பணிக்கு வாடகைக்கு உதவி கிடைக்கிறது. ஆறுதல் அளிக்கும் பணிக்கு அப்படிக் கிடைக்காது.

கணவரை இழந்த ஒரு சகோதரி சொன்னார்: "சாமி, அடக்கத்தன்னைக்கு நிக்க இடமில்லாத கூட்டம். இப்ப அவர் பேரை நான் எடுத்தாலே எல்லாரும் பேச்சை மாத்திடுறாங்க."

பெத்தானியாவை நினைத்துப் பாருங்கள். இலாசர் கல்லறையில் வைக்கப்பட்டு நான்கு நாள்கள் ஆன பிறகும், ஆறுதல் சொல்ல வந்தவர்கள் அந்த வீட்டில் இருந்தார்கள். இயேசு இலாசரை உயிர்ப்பிக்கப் போகிறார். அது அவருக்குத் தெரியும். ஆனாலும் மரியா அழுவதைக் கண்டு அவரும் அழுதார். அப்படியானால், உயிர்ப்பை நம்புகிறவன் அழக்கூடாது என்று நாம் எப்படிச் சொல்ல முடியும்? புனித பவுலும் தெசலோனிக்கருக்கு எழுதும்போது, எதிர்நோக்கு இல்லாதவர்களைப் போலத் துயருற வேண்டாம் என்கிறாரே தவிர, துயரமே கூடாது என்று சொல்லவில்லை.

"எல்லாம் கடவுளின் திருவுளம், அழாதே" என்று அவசரப்பட்டுச் சொல்லிவிடாதீர்கள். யோபுவின் நண்பர்கள் ஏழு பகலும் ஏழு இரவும் அவரோடு தரையில் பேசாமல் அமர்ந்திருந்தார்கள். அவர்கள் செய்தவற்றில் சிறந்தது அதுதான். வாய் திறந்து விளக்கம் சொல்லத் தொடங்கிய பிறகுதான் அவரைப் புண்படுத்தினார்கள்.

நாம் என்ன செய்யலாம்? முப்பதாம் நாள் திருப்பலியோடு நிறுத்திவிடாமல், அதற்குப் பிறகும் அந்த வீட்டிற்குச் செல்லுங்கள். இறந்தவரின் பெயரைச் சொல்லிப் பேசுங்கள். இறப்பை 21 நாள்களுக்குள் பதிவு செய்யவும், வாரிசுச் சான்றிதழ் பெறவும், வங்கி வேலைகளை முடிக்கவும் அன்பியத்தில் ஒருவர் துணைக்குப் போகலாம். அவர் இல்லாத முதல் கிறிஸ்துமஸ், முதல் திருமண நாள் ஆகியவற்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மாதங்கள் பல கடந்தும் ஒருவர் உறங்காமல், உண்ணாமல் ஒடுங்கிப்போனால் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அது விசுவாசக் குறைவு அல்ல.

கடந்த ஓராண்டில் உங்கள் அன்பியத்தில் மரணம் நிகழ்ந்த வீடு எது? இந்த வாரம் அந்த வீட்டிற்குச் சென்று, சிறிது நேரம் உடன் அமர்ந்து, ஒரு செபம் சொல்லிவிட்டு வாருங்கள். பெத்தானியாவில் கண்ணீர் விட்ட ஆண்டவர் உங்களோடு வருவார்.