பேர்ச் கணக்கில் ஒரு மலை

வெல்லவாயவை நோக்கி இறங்கும் கணவாயின் தலைப்பில், ஒரு புகையிரத நிலையமும் சில கடைகளும் பசறைக்குப் பிரியும் ஒரு பாதையுமாக இருந்த எல்லவைப் பட்டணம் என்றழைக்க, என் பால்யத்தில் எவருக்கும் நாவு எழுந்திராது. இன்றோ, வீதியின் இருமருங்கும் விடுதிகளும் போஜனசாலைகளும் ஸ்கூட்டர் வாடகைக் கடைகளும் நெருங்கி நிற்க, ஒன்பது வளைவுப் பாலத்தில் ரயில் வரும் நேரம் பார்த்துப் பல தேசத்து ஜனங்கள் தண்டவாளத்தோரம் கூடுகிறார்கள்.

இதனால் பல வீடுகளில் அடுப்பு எரிகிறது என்பார்கள், எரியத்தான் செய்கிறது. தலையில் கயிறு மாட்டிக் கொழுந்துக் கூடை சுமந்த தாயின் மகன், விடுதியின் வரவேற்பு மேசையில் நின்று ஜெர்மன் மொழியில் வந்தனம் கூறுகிறான். அவன் வேலைக்குப் பெயர் கொடுக்கும் தோட்டத்துப் பிரட்டுக்குப் போகவில்லையே என்று விசனப்படும் பெரியவர்களின் கட்சியில் நான் சேரேன். அரைநாட் சம்பளமான அரைப்பேருக்கு அஞ்சி மலையேறிய வாழ்க்கையில் அப்படியென்ன மகிமை இருந்தது?

என் மனத்தை விட்டகலாத விசாரம் நிலத்தைப் பற்றியது. பேர்ச் கணக்கில் காணி விலை பேசப்படும் இவ்வூரைச் சூழ்ந்த தோட்டங்களில், பாட்டன் காலம் முதல் ஒரே லயக் காம்பராவில் வசிக்கும் குடும்பத்துக்கு அதன்மீது உறுதிப் பத்திரம் கிடையாது. காணி பெரும்பாலும் அரசாங்கத்தினுடையது. 1992 முதல் நிர்வாகம் கம்பெனிகளின் வசம். 1948இல் இத்தோட்ட மக்களிடமிருந்து பறிபோன பிரஜாவுரிமை, 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தால் லட்சக்கணக்கானோர் இந்தியாவுக்குக் கப்பலேறிப் பிரிந்த பின்னர், எஞ்சியோருக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடு ஒருவாறு வந்து சேர்ந்தது. காணியுரிமையோ, ஏழு பேர்ச் வீட்டுத்திட்டங்கள் எட்டிய சிலரோடு நின்றுவிட்டது.

ஆகவே, அந்த இளைஞன் பணிபுரியும் விடுதியைக் கைப்பேசி வரைபடத்தில் உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் கண்டுபிடிக்கலாம். அவனுக்கு வரும் கடிதமோ, தோட்டத்தின் பெயரும் பிரிவின் பெயரும் தாங்கி, ஆபீசில் கிடந்துதான் கைக்கு வரும். விருந்தினர்க்கு இரண்டு அறை கட்டலாமென்று அவன் வங்கிக்குப் போனால், முதற்கேள்வியே, "தம்பி, காணி உறுதி இருக்கா?" என்பதுதான். அத்தோடு அவனுடைய சுயதொழில் முடிந்தது. ஊரில் விருத்தியாகும் செல்வத்தில் அவனுக்குரிய பாகம் மாதச் சம்பளமும் இனாமும் மாத்திரமே.

உறுதியின்மை வருமானத்தை மட்டும் தடுப்பதாயின் பொறுத்திருக்கலாம். இதே பதுளை மாவட்டத்தில், கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தையில், 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் மலை சரிந்து லயங்களை மூடிற்று. அவ்விடம் அபாயகரமானது என்ற எச்சரிக்கை பல வருஷங்களுக்கு முன்னரே விடுக்கப்பட்டிருந்தது. போவென்று சொல்வது சுலபம். சொந்தமாக ஒரு பேர்ச் மண்ணும் இல்லாதவன் எங்கே போவான்? அந்த வினாவுக்கு விடை காணாமலே, சரிவுகளை வெட்டி மேலும் மேலும் விடுதிகள் எழுப்புகிறோம்.

சுற்றுலாவுக்காக இம்மலைகளை அளக்க வருகின்ற உத்தியோகத்தர்கள், விடுதி எல்லையோடு திரும்பிவிடாமல், அதற்கு மேலேயுள்ள லயங்களையும் அளந்து, காம்பராவிலுள்ளோர் பெயரில் உறுதி எழுதிக் கொடுக்கட்டும். வாகன நிறுத்துமிடம் எங்கே அமைப்பது என்பதை அதன் பின்னர் விவாதிக்கலாம்.