சங்குகுளிப்போர் சுவாசிக்கும் காற்று: பொறுப்பு யாருக்கு?

புது தில்லி: மன்னார் வளைகுடாவில் மூழ்குபவர் எதை எடுத்து வரக் கூடாது என்பதை நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் தெளிவாகக் கூறுகிறது. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2001 முதல் கடல் அட்டை பிடிக்கத் தடை உள்ளது. ஆனால், மூழ்குபவர் சுவாசிக்கும் காற்று எப்படி இருக்க வேண்டும் என்பதில் அத்தகைய தெளிவு இல்லை.

தூத்துக்குடி, ராமநாதபுரம் மாவட்டங்களில் எடுக்கப்படும் சங்குகளில் பெரும்பகுதி மேற்கு வங்கத்துக்குச் சென்று, மணமான பெண்கள் அணியும் வளையல்களாகிறது. முன்பு மூச்சடக்கிக் குளித்தவர்கள், பின்னர் படகிலுள்ள கம்ப்ரஸரில் இருந்து நீண்ட குழாய் வழியே வரும் காற்றை நம்பத் தொடங்கினர்.

ஸ்கூபா சாதனத்தில் முதுகில் சுமக்கும் சிலிண்டர், எஞ்சிய காற்றைக் காட்டும் அளவி, அவசரத்துக்கு இரண்டாவது வாய்க்குழாய் ஆகியவை உண்டு. காற்று குறைந்தால் மேலேறியாக வேண்டும். கம்ப்ரஸர் குழாயில் இந்த எல்லை இல்லை. மணிக்கணக்கில் கடலடியில் இருக்க முடிகிறது. அதுவே ஆபத்தாகிறது.

ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. 20 மீட்டரில் அது மேற்பரப்பைப்போல மூன்று மடங்கு. அப்போது உடலில் கரையும் நைட்ரஜன், வேகமாக மேலேறினால் குமிழிகளாகி மூட்டு வலி, பக்கவாதம், மரணம் வரை கொண்டு செல்லும். என்ஜின் நின்றாலோ, குழாய் மடங்கினாலோ காற்று தடைபடும். என்ஜின் புகை காற்றுடன் கலந்தால் கார்பன் மோனாக்ஸைடு நச்சாகும்.

சிலிண்டர்களுக்கு எரிவாயு சிலிண்டர் விதிகள் (2016) உள்ளன. குறித்த காலத்தில் அழுத்தச் சோதனை கட்டாயம். மத்திய வர்த்தக, தொழில் அமைச்சகத்தின் கீழுள்ள பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு இவற்றைக் கண்காணிக்கிறது. குழாய் வழியே நேரடியாக வரும் காற்று இந்த விதிகளுக்குள் அடங்குவதில்லை.

கரையிலிருந்து 12 கடல் மைல் வரை மீன்பிடிப்பு மாநில அதிகாரம். அதற்கு அப்பால் மத்திய அரசின் அதிகாரம். மத்தியில் மீன்வளம், கால்நடை பராமரிப்பு, பால்வளத்துக்கெனத் தனி அமைச்சகம் 2019-இல் அமைக்கப்பட்டது. எனினும், தொழிலாளர் பாதுகாப்பு வேறொரு அமைச்சகத்தின் பொறுப்பாகும்.

13 சட்டங்களை ஒன்றிணைத்து 2020-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழில் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம், 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்தது. பொதுவாக 10 தொழிலாளர்களுக்குக் குறைவான நிறுவனங்களுக்கு இது பொருந்தாது. சில பேர் மட்டுமே செல்லும் படகு இந்த வரம்பை எட்டுவது அரிது. எனினும், உயிருக்கு ஆபத்தான தொழில் என அறிவித்தால், ஒரே தொழிலாளி இருந்தாலும் இச்சட்டத்தைப் பொருத்தலாம் என்பது குறிப்பிடத்தக்கது.

அதற்குப் புதிய மசோதா தேவையில்லை. ஓர் அறிவிக்கை போதும். சுத்தமான காற்று, அவசரகாலச் சிறு சிலிண்டர், ஆழமானி, நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மிகாமல் மேலேறும் பயிற்சி, அருகிலேயே மறு அழுத்தச் சிகிச்சை அறை ஆகியவற்றுக்கான வழியை அது திறக்கும். கடலோரத் தொகுதி உறுப்பினர்கள் அவையில் எழுப்ப வேண்டிய கேள்வி இதுவே.