'எடுபடாது' என்கிற தீர்ப்பு: துணி, கண், உடல்

'குறுக்குக்கோடு போட்ட சேலை குண்டாக் காட்டும், நெடுக்குக்கோடு எடுத்துக்கம்மா.' பரளச்சிப் பக்கமிருந்து அருப்புக்கோட்டைக்குக் கல்யாண ஜவுளி எடுக்கப் போகிற பெண்களிடம் கடைகளில் சொல்வது இது. வாரப் பத்திரிகைகளின் அழகுக் குறிப்பும் இதையே சொல்கிறது. கண்ணின் இயல்பு பற்றிய அறிவியல் போல இது புழங்குகிறது.

அறிவியல் சொல்வது வேறு. ஒரே அளவில் இரண்டு சதுரம் வரைந்து ஒன்றைக் குறுக்குக்கோடுகளாலும் மற்றதை நெடுக்குக்கோடுகளாலும் நிரப்பிப் பாருங்கள். குறுக்குக்கோட்டுச் சதுரம்தான் உயர்ந்து, ஒடுங்கித் தெரியும். 1867இலேயே ஹெல்ம்ஹோல்ட்ஸ் இதை எழுதிவிட்டார். 2011இல் யார்க் பல்கலைக்கழகத்தின் தாம்ஸனும் மிக்கெல்லிடூவும் பெண்ணுருவப் படங்களில் சோதித்தபோது, இரண்டும் ஒரே பருமனாகத் தெரியக் குறுக்குக்கோட்டு உருவத்தைச் சுமார் 10 சதவீதம் அகலமாக்க வேண்டியிருந்தது. 2013இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இன்னொன்றைக் கண்டார்கள்: இந்த மயக்கம் ஒல்லியான உருவத்தில்தான் நன்றாகப் பலிக்கிறது, பருத்த உருவத்தில் மங்கிவிடுகிறது. யாரைக் குறிவைத்து விதி சொல்லப்படுகிறதோ, அவர்களுக்குக் கோடு எப்படிப் போனாலும் பெரிய பலனில்லை.

நிறத்துக்கு வருவோம். பாரிஸின் கோப்லான் நெசவாலையில் கறுப்புச் சாயம் வெளிறித் தெரிகிறது என்று புகார். 1824இல் சாயப்பிரிவுப் பொறுப்பேற்ற வேதியியலாளர் ஷெவ்ரல் ஆராய்ந்தார். சாயம் சரியாகவே இருந்தது. பக்கத்திலிருந்த நீலமும் ஊதாவும் அதை அப்படிக் காட்டின. 1839இல் இதை நூலாக்கினார். பாவில் ஒரு நிறம், ஊடையில் ஒரு நிறம் விட்டு மயில்கழுத்து நெய்கிற நம் தறிக்காரருக்கு இது கைப்பழக்கம். மொழிக்குறிக்குப் பொருள் பிற குறிகளோடான வேறுபாட்டில் பிறக்கிறது என்றாரே சசூர், நிறமும் அப்படித்தான்: அண்டை நிறம் மாறினால் இதுவும் மாறும்.

இந்த விதிப்படி, கறுத்த தோலருகே மஞ்சள் இன்னும் பளிச்சென்றே தெரிய வேண்டும். பின் ஏன் 'ஒன் நெறத்துக்கு இது எடுபடாது' என்கிறார்கள்? சொல்கிறவர் துணியைப் பற்றிப் பேசவில்லை, உடுத்துகிறவளைப் பற்றிப் பேசுகிறார்.

யார் எதை உடுத்தலாம் என்பதை ஒருகாலத்தில் சாதியும் அரசும் வெளிப்படையாகவே விதித்தன. திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மேலாடை அணிய அனுமதித்து அறிவிப்பு வந்தது 1859இல், நெடிய போராட்டத்துக்குப் பின். இன்று கட்டளை போய் ஆலோசனை வந்திருக்கிறது. கட்டளையை எதிர்க்கலாம், ஆலோசனையையோ கண்ணாடி முன் நின்று நாமே நமக்குச் சொல்லிக்கொள்கிறோம். கண்மயக்கத்தைக் கண்டுபிடிக்க ஒரு அளவுகோல் போதும். சிவத்த, ஒல்லியான உடல்தான் அளவு என்கிற மயக்கத்தில் அளவுகோலே அவர்கள் கையில் இருக்கிறது.